யாரோடும் பேசாமல் உட்காரும் இடம் தனிமையைக் குறைக்குமா?

கேள்வி இது: "பொது நூலகங்கள் மனநலத்துக்கு உதவுகின்றன, அதுவும் சமூகத் தொடர்பு மூலமாக உதவுகின்றன என்று சொல்கிறார்கள். புத்தகம் படித்தால் மனம் லேசாகும் என்பது புரிகிறது. ஆனால் யாரும் யாரோடும் பேசாத இடத்தில் என்ன தொடர்பு வந்துவிடும்? பணி ஓய்வு பெற்ற என் அப்பா வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. அவரை நூலகத்துக்கு அனுப்பினால் பலன் இருக்குமா?"

பலன் இருக்கும். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற வழியில் இருக்காது. நூலகம் யாரையும் பிடித்து நண்பர்களாக்கிவிடுவதில்லை. பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல் மனிதர்களுக்கு நடுவே இருக்க விடுகிறது, அவ்வளவுதான். நீண்ட நாள் தனிமையில் இருப்பவருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான். நீங்கள் குறையாகப் பார்க்கிற அந்த அமைதியே நூலகத்தின் பலம் என்று நினைக்கிறேன். நூலகவியல் படித்து, பொது நூலகங்களில் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தனிமை எவ்வளவு பெரிய விஷயம் என்பதை முதலில் சொல்லிவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2023 நவம்பரில் சமூகத் தொடர்புக்கென்றே ஓர் ஆணையத்தை அமைத்தது. உலகில் 6 பேரில் ஒருவரைத் தனிமை பாதிக்கிறது, ஆண்டுக்கு 8,71,000க்கும் மேற்பட்ட இறப்புகளோடு அதற்குத் தொடர்பு இருக்கிறது என்று 2025 ஜூனில் வெளியான அதன் அறிக்கை மதிப்பிட்டது. அதற்கு முன்பே, 2010ல், ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் என்ற உளவியலாளரும் சகாக்களும் 148 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவு அது. உறவும் நட்பும் வலுவாக இருந்தவர்கள், அந்த ஆய்வுகள் நடந்த காலத்தில் பிழைத்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகம் என்று தெரியவந்தது. ஆக, தனிமை என்பது மனசு சம்பந்தப்பட்ட சின்ன வருத்தம் என்று ஒதுக்கிவிடக்கூடியது அல்ல. உடம்பையும் அது தொடுகிறது.

சரி, அப்படியானால் தனியாக இருப்பவர்களையெல்லாம் ஓரிடத்தில் கூட்டி வைத்துப் பேசவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமே என்று தோன்றும். பல திட்டங்கள் இந்த எண்ணத்தில்தான் தொடங்கப்படுகின்றன, பல திட்டங்கள் இங்கேதான் சறுக்குகின்றன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜான் கசியோப்போ பல ஆண்டுகள் தனிமையை ஆராய்ந்தவர். நீண்ட நாள் தனிமையில் கிடக்கும் மனம் பிறரை ஆபத்தாகப் பார்க்கத் தொடங்குகிறது என்பது அவருடைய முக்கியமான கண்டுபிடிப்புகளில் ஒன்று. எதிரே வருபவர் சிரித்தால் கேலி செய்கிறாரோ என்று தோன்றும். சிரிக்காமல் போனால் நம்மை ஒதுக்குகிறார் என்று தோன்றும். மனம் எப்போதும் காவல் காத்துக்கொண்டே இருக்கும். தனிமையைக் குறைக்க எடுக்கப்பட்ட முயற்சிகளை அவரும் சகாக்களும் தொகுத்து, 2011ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பழகும் வாய்ப்பை மட்டும் கூட்டிக்கொடுத்த திட்டங்களைவிட, பிறரைப் பற்றிய அந்தத் தவறான கணிப்பை மாற்ற முயன்ற சிகிச்சைகளே கூடுதல் பலன் தந்திருந்தன.

இதை நூலகத்தோடு பொருத்திப் பாருங்கள். "வாங்க, எல்லோரும் அறிமுகப்படுத்திக்கொள்ளலாம்" என்று தொடங்கும் ஒரு கூட்டம், காவல் காக்கும் மனதுக்குத் தேர்வு எழுதுவதைப் போன்றது. அந்த மனம் வாசல் வரை வந்து திரும்பிவிடும். நூலகத்தில் அந்தத் தேர்வே கிடையாது. ஏன் வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை, கையில் ஒரு நாளிதழ் இருந்தால் காரணமும் இருக்கிறது. பக்கத்து நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அவரால் எந்தத் தொந்தரவும் இல்லை. அடுத்த நாளும் அவரே இருக்கிறார், அன்றும் தொந்தரவு இல்லை. பிறர் ஆபத்தானவர்கள் என்ற கணிப்பு தவறு என்பதற்கு இப்படிச் சின்னச் சின்னச் சாட்சிகள் சேர்ந்துகொண்டே போகின்றன. இது சிகிச்சைக்கு ஈடாகாதுதான். ஆனால் சிகிச்சை எதை மாற்றப் பார்க்கிறதோ அதே இடத்தைத்தான் இதுவும் மெல்லத் தொடுகிறது என்பது என் ஊகம்.

இதை மிகத் தெளிவாகப் புரிந்துகொண்டு செயல்பட்டது ஜப்பானில் உள்ள காமகுரா நகர நூலகம். அங்கே கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் செப்டம்பர் 1ஐ ஒட்டிய நாட்களில்தான் சிறுவர் சிறுமியர் தற்கொலை மிக அதிகம் என்று அந்நாட்டு அரசின் ஆய்வு காட்டியிருந்தது. 2015 ஆகஸ்ட் 26 அன்று அந்த நூலகம் ட்விட்டரில் ஒரு சிறு பதிவு போட்டது. பள்ளிக்குப் போவது, செத்துவிடலாம் என்று தோன்றும் அளவுக்கு வேதனையாக இருந்தால் நூலகத்துக்கு வாருங்கள், காமிக்ஸும் இருக்கிறது, நாள் முழுக்க இருந்தாலும் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள் என்பது அதன் சாரம். அது நாடு முழுக்கப் பகிரப்பட்டது. அந்தப் பதிவில் ஆலோசகர் இல்லை, சிறப்பு நிகழ்ச்சி இல்லை, அறிவுரையும் இல்லை. யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள் என்பதுதான் அவர்கள் தந்த உறுதி. துன்பத்தில் இருக்கும் ஒரு குழந்தைக்கு அதைவிடப் பொருத்தமான அழைப்பை என்னால் யோசிக்க முடியவில்லை.

அடுத்த கட்டம், முகம் பழகுவது. தினமும் அதே நேரத்துக்கு வருகிறவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். முதலில் தலையசைப்பு. அப்புறம், நீங்கள் படித்து முடித்த பத்திரிகைக்காக அவர் காத்திருக்கிறார் என்பது தெரிந்து நீங்களே எடுத்து நீட்டுவது. ஒரு வாரம் வராமல் இருந்துவிட்டு வந்தால் "என்ன, ஆளையே காணோம்?" என்ற விசாரிப்பு. இப்படிப்பட்ட பழக்கங்களுக்கு சமூகவியலில் பலவீனமான பிணைப்புகள் என்று பெயர். மார்க் கிரானோவெட்டர் 1973ல் இதைப் பற்றி எழுதியபோது, வேலை கிடைப்பது போன்ற விஷயங்களில் நெருங்கிய நண்பர்களைவிட அரைகுறையாகத் தெரிந்தவர்கள் அதிகம் உதவுகிறார்கள் என்பதைக் காட்டினார். 2014ல் கில்லியன் சாண்ட்ஸ்ட்ராம், எலிசபெத் டன் என்ற இரு உளவியலாளர்கள் அதையே மகிழ்ச்சியின் பக்கமாகத் திருப்பிப் பார்த்தார்கள். இப்படி அரைகுறையாகத் தெரிந்தவர்களோடு வழக்கத்தைவிட அதிகமாகப் பழகிய நாட்களில், மக்கள் கூடுதல் மகிழ்ச்சியையும் தங்களுக்கும் ஓரிடம் உண்டு என்ற உணர்வையும் தெரிவித்தார்கள்.

பணி ஓய்வு பெற்றவர்கள் இழப்பது பெரும்பாலும் இந்த அடுக்கைத்தான். குடும்பம் அப்படியே இருக்கும், ஓரிரு நெருங்கிய நண்பர்களும் இருப்பார்கள். ஆனால் தினமும் பார்த்த அந்த நாற்பது ஐம்பது முகங்கள் ஒரே நாளில் இல்லாமல் போய்விடுகின்றன. வீட்டில் இருப்பவர்கள் எவ்வளவு பாசம் காட்டினாலும் அந்த இடத்தை நிரப்ப முடியாது, ஏனென்றால் அது பாசத்தின் இடமே அல்ல.

இதற்கு நூலகம்தான் வேண்டுமா, வேறு பொது இடம் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ரே ஓல்டன்பர்க் என்ற சமூகவியலாளர் 1980களின் இறுதியில் மூன்றாம் இடம் என்ற கருத்தை முன்வைத்தார். வீடு முதல் இடம், வேலை செய்வது இரண்டாம் இடம், இரண்டும் அல்லாமல் மக்கள் சும்மா கூடும் இடம் மூன்றாவது. அவர் சொன்ன உதாரணங்களில் பெரும்பாலானவை காபிக் கடை, மதுக்கூடம், முடிதிருத்தும் கடை போன்றவை. அங்கெல்லாம் உட்கார வேண்டுமானால் ஏதாவது வாங்க வேண்டும். கையில் காசு தீர்ந்தால் எழுந்துவிட வேண்டும். பூங்காவில் காசு வேண்டாம், ஆனால் மழையும் வெயிலும் துரத்தும். கூரை, நாற்காலி, கழிப்பறை, வெளிச்சம், கூடவே ஒரு பொறுப்பான ஊழியர், இவ்வளவும் இலவசமாகக் கிடைத்து, எதையும் வாங்கச் சொல்லாத பொது இடங்களை எண்ணிப் பாருங்கள். பட்டியல் நூலகத்தைத் தாண்டி அதிகம் நீளாது. பன்னாட்டு நூலகச் சங்கக் கூட்டமைப்பும் யுனெஸ்கோவும் சேர்ந்து வெளியிட்ட பொது நூலகக் கொள்கை அறிக்கை, 2022ல் திருத்தப்பட்ட பிறகும், நூலகச் சேவை கொள்கையளவில் இலவசமாக இருக்க வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. மனநலம் என்று பார்த்தால் அந்த ஒரு வரிக்குத்தான் நான் முதல் மதிப்பெண் கொடுப்பேன்.

எரிக் கிளினென்பெர்க் என்ற சமூகவியலாளர் இதே விஷயத்துக்கு வேறொரு பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தவர். 1995 ஜூலையில் சிகாகோவில் கடும் வெப்ப அலை வீசியது. வழக்கமான எண்ணிக்கையைவிட 739 பேர் அந்த ஒரு வாரத்தில் கூடுதலாக இறந்தார்கள். தனியாக வாழ்ந்த முதியவர்கள் அதில் ஏராளம். கிளினென்பெர்க் அங்கே பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார். இரண்டிலும் வறுமை உண்டு, தனியாக வாழும் முதியவர்களும் உண்டு, ஆனால் ஒன்றில் இறப்பு விகிதம் மிக அதிகம். அந்தப் பகுதியில் கடைகள் மூடப்பட்டு, தெருக்கள் வெறிச்சோடி, மக்கள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார்கள். மற்றதில் வெளியே வந்து போகவும் நாலு பேரைப் பார்க்கவும் இடங்கள் இருந்தன. பிறகு அவர் சமூகக் கட்டமைப்பு என்ற கருத்தை வளர்த்தார். சாலையும் பாலமும் போலவே, மனிதர்கள் சந்தித்துக்கொள்ளவும் கட்டப்பட்ட இடங்கள் வேண்டும் என்கிறார். அவர் அதற்கு முதன்மையான உதாரணமாக எடுத்துக்கொண்டது கிளை நூலகங்களைத்தான்.

இனி நிகழ்ச்சிகளுக்கு வருகிறேன். நூலகமும் மனநலமும் என்றாலே எல்லோரும் நிகழ்ச்சிகளைத்தான் முதலில் சொல்வார்கள். நான் வேண்டுமென்றே பின்னால் தள்ளினேன். மேலே சொன்ன அடித்தளம் இல்லாத இடத்தில் நிகழ்ச்சி நடத்தினால், ஏற்கெனவே கலகலப்பாக இருப்பவர்கள் மட்டுமே வருவார்கள்.

நிகழ்ச்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது கூட்டு வாசிப்பு. இங்கிலாந்தில் லிவர்பூல் பகுதியில் 2000களின் தொடக்கத்தில் ஜேன் டேவிஸ் என்பவர் இதைத் தொடங்கினார். வழக்கமான வாசிப்பு வட்டத்தில் வீட்டிலேயே புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டு வந்து கருத்துச் சொல்ல வேண்டும். மனச்சோர்வில் இருப்பவரால் ஒரு பக்கத்தைக் கவனமாகப் படிப்பதே பெரும்பாடு, முந்நூறு பக்கத்துக்கு எங்கே போவார்? கூட்டு வாசிப்பில் முன்தயாரிப்பே கிடையாது. நடத்துபவர் ஒரு சிறுகதையையோ கவிதையையோ எல்லோருக்கும் கேட்கும்படி நிதானமாக வாசிக்கிறார், இடையிடையே நிறுத்துகிறார். தோன்றுகிறவர் பேசலாம், தோன்றாதவர் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. யாரும் தன்னைப் பற்றிப் பேச வேண்டியதில்லை, கதையில் வருகிறவரைப் பற்றித்தான் பேச்சு. "இந்த அம்மா ஏன் மகனுக்குக் கடிதம் எழுதாமலே இருக்கிறாள்?" என்று ஒருவர் கேட்பார். இன்னொருவர் ஒரு காரணம் சொல்வார். சொல்லி முடிக்கும்போதுதான் அது தன்னுடைய காரணம் என்பது அவருக்கே தெரியும். சுற்றியிருப்பவர்களுக்கும் தெரியும், ஆனால் யாரும் அதைத் தோண்ட மாட்டார்கள், அடுத்த பத்திக்குப் போய்விடுவார்கள். நேருக்கு நேர் உட்காரவைத்து "உங்கள் பிரச்சினையைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் வாயே திறக்காதவர்கள் இந்த வழியில் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். நடத்துபவர் நல்லவராக அமைய வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. பேசாமல் இருப்பவரைப் பார்த்து "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டால் எல்லாம் போச்சு.

புத்தகத்தையே மருந்துச் சீட்டில் எழுதிக்கொடுக்கும் முறையும் உண்டு. வேல்ஸின் கார்டிஃப் நகரில் நீல் ஃப்ரூட் என்ற மருத்துவ உளவியலாளர் தொடங்கிய இந்த யோசனை 2005ல் வேல்ஸ் முழுக்கப் பரவியது. 2013ல் இங்கிலாந்து நூலகங்களும் ரீடிங் வெல் என்ற பெயரில் இதை எடுத்துக்கொண்டன. மனநல வல்லுநர்கள் தேர்ந்தெடுத்த சுய உதவிப் புத்தகங்கள் நூலகத்தில் இருக்கும், மருத்துவர் பரிந்துரைக்கலாம், பரிந்துரை இல்லாமல் நேராகவும் எடுத்துக்கொள்ளலாம். லேசானது முதல் நடுத்தரம் வரையிலான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இப்படி வழிகாட்டுதலோடு கூடிய சுய உதவி பயன்படுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. தொடர்பு என்ற கோணத்தில் எனக்குப் படுவது வேறு. பதற்றத்தைப் பற்றிய ஒரு புத்தகத்தைக் கவுன்டரில் நீட்டும்போது ஊழியர் முகம் மாறாமல் பதிவு செய்து கொடுக்கிறாரே, பலருக்கு இப்படி ஒரு சிக்கல் தனக்கு இருப்பதாக வெளியாள் ஒருவருக்குத் தெரியவருவது அதுதான் முதல் முறை. ஒன்றும் ஆகிவிடவில்லை என்று உணர்ந்து வெளியே வருகிறார்கள்.

மனித நூலகம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2000ல் டென்மார்க்கின் ரோஸ்கில்டே விழாவில் ரோனி அபெர்கெலும் நண்பர்களும் தொடங்கியது. புத்தகத்துக்குப் பதில் ஒரு மனிதரை அரை மணி நேரம் இரவல் எடுத்து, அவரிடம் கேட்கத் தயங்கும் கேள்விகளைக் கேட்கலாம். மனநோயோடு வாழ்பவர்கள், வீடில்லாமல் இருந்தவர்கள் எல்லாம் அங்கே புத்தகங்களாக வருகிறார்கள். முன்முடிவுகளை உடைக்க இது அருமையான வழி. ஆனால் எப்போதாவது ஒரு நாள் நடக்கும் நிகழ்ச்சி என்பதால் தனிமைக்கு இது எவ்வளவு தூரம் உதவும் என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

இதைவிட யாரும் பெரிதாகப் பேசாத ஒன்று, குழந்தைகளுக்கான கதை நேரம். பெயர்தான் குழந்தைகளுக்கு. ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் கதை எவ்வளவு புரியும்? அந்த அரை மணி நேரம் உண்மையில் அம்மாக்களுக்கானது. மகப்பேற்றுக்குப் பிந்தைய மாதங்களில் பகல் முழுக்க ஒரு பெரியவரின் குரலைக்கூடக் கேட்காமல் இருப்பவர்கள் பலர். தூக்கமில்லாத இன்னொரு முகத்தைப் பார்ப்பதும், "உங்கள் பிள்ளையும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்துவிடுகிறானா?" என்று கேட்பதும் அவர்களுக்குப் பெரிய விஷயம். விவரம் தெரிந்த நூலகர்கள் கதை முடிந்ததும் அறையைப் பூட்ட மாட்டார்கள். பொம்மைகளைத் தரையில் பரப்பிவிட்டு இன்னும் அரை மணி நேரம் விட்டுவைப்பார்கள். அந்தப் பிந்தைய அரை மணிதான் நிகழ்ச்சி.

ஸ்காண்டிநேவிய நாடுகளின் நூலகங்களில் மொழிப் பேச்சு வட்டங்கள் சகஜம். புதிதாகக் குடியேறியவர்களும் உள்ளூர்த் தன்னார்வலர்களும் ஒரு மேசையில் உட்கார்ந்து உள்ளூர் மொழியில் பேசிப் பழகுவார்கள். மொழி கற்பது என்ற சாக்கில் பழக்கம் ஏற்படுகிறது. கவனித்துப் பார்த்தால் நல்ல நிகழ்ச்சிகள் எல்லாவற்றிலும் இப்படி ஒரு சாக்கு இருக்கும். "தனிமையில் இருப்பவர்களுக்கான சந்திப்பு" என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டால் யார் வருவார்கள்? வந்தாலே முத்திரை குத்தியதுபோல் ஆகிவிடும். பின்லாந்தின் ஹெல்சிங்கியில் 2018 டிசம்பரில் திறக்கப்பட்ட 'ஓடி' என்ற மத்திய நூலகத்தில் தையல் இயந்திரம், இசைப்பதிவு அறை, சமையலறை, முப்பரிமாண அச்சுப்பொறி எல்லாம் வைத்திருப்பதைக் கிண்டல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நூலகத்தில் தையல் மெஷினுக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். பக்கத்து இயந்திரத்தில் இருப்பவரிடம் ஊசியில் நூல் கோக்க உதவி கேட்க ஒரு சாக்கு, வேறென்ன?

சில நூலகங்கள் இன்னும் ஒரு படி போயிருக்கின்றன. சான் பிரான்சிஸ்கோ பொது நூலகம் 2009ல் முழுநேர மனநலச் சமூகப் பணியாளர் ஒருவரை நியமித்தது. அமெரிக்க நூலகங்களில் அதுதான் முதல் முறை. வீடில்லாமல் நூலகத்திலேயே பகலைக் கழிப்பவர்களோடு பேசி, தங்குமிடத்துக்கும் சிகிச்சைக்கும் வழி செய்வது அவர் வேலை. முன்பு வீடில்லாமல் இருந்து மீண்டவர்களையே அந்தக் குழுவில் வேலைக்கு எடுத்ததுதான் இதில் சிறப்பு. சீருடை போட்டவர் வந்து சொன்னால் கேட்காதவர்கள், அதே தெருவில் தூங்கியவர் சொன்னால் கேட்கிறார்கள். பிறகு பல நகரங்கள் இதைப் பின்பற்றின.

இதெல்லாம் நல்லபடியாகத்தான் நடக்கிறதா என்றால், இல்லை. நூலகர் மருத்துவர் அல்ல. ஆனால் மற்ற சேவைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கும்போது, திறந்திருக்கிற கடைசிக் கதவு என்று எல்லாச் சுமையும் நூலகத்தின் தலையில் விழுகிறது. 2017ல் ஃபிலடெல்ஃபியாவின் ஒரு கிளை நூலகத்தில், போதைமருந்து அதிகமாகி மயங்கி விழுபவர்களைக் காப்பாற்ற நூலகர்களே அந்தப் போதையை முறிக்கும் மருந்தைக் கொடுக்கப் பழக வேண்டியிருந்தது. அவர்களைப் பாராட்டி எழுதினார்கள், சரிதான். ஆனால் அந்த ஊழியர்களின் மனநலத்தை யார் பார்ப்பது? 2000ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய மனநல முதலுதவிப் பயிற்சி இப்போது பல நாட்டு நூலக ஊழியர்களுக்கும் கிடைக்கிறது. பயிற்சி மட்டும் போதாது, கூடுதல் ஆட்களும் ஓய்வும் வேண்டும். முகம் கடுகடுத்த ஊழியர் ஒருவர் கவுன்டரில் இருந்தால் மேலே நான் சொன்ன எதுவும் நடக்காது, அவர் ஏன் கடுகடுக்கிறார் என்பதையும் கேட்க வேண்டும்.

மக்களை விரட்டும் வழக்கங்களையும் நூலகங்கள் தாங்களாகவே வைத்துக்கொள்கின்றன. தாமதக் கட்டணம் அதில் ஒன்று. தொகை சின்னதுதான், ஆனால் வெட்கம் பெரியது. மனம் சரியில்லாத ஒரு மாதத்தில் புத்தகத்தைத் திருப்பித் தர மறந்தவர், அந்த வெட்கத்தால் பிறகு வருவதையே நிறுத்திவிடுவார். சிகாகோவும் சான் பிரான்சிஸ்கோவும் 2019ல் இந்தக் கட்டணத்தை ஒழித்தன. பையை வாசலில் வைக்கச் சொல்வது, கண் அசந்தால் தட்டி எழுப்புவது, நாற்காலிகளைக் குறைப்பது எல்லாம் இதே வகைதான். எல்லாவற்றையும்விட மோசம், நேரத்தைக் குறைப்பதும் கிளைகளை மூடுவதும். பிரிட்டனில் 2010க்குப் பிறகான பத்தாண்டுகளில் ஏறக்குறைய 800 நூலகங்கள் மூடப்பட்டன. முகம் பழகுவதற்குத் தேவை திரும்பத் திரும்ப வருவது. வாரத்துக்கு இரண்டு நாள், அதுவும் மாறி மாறித் திறக்கும் இடத்தில் யார் முகம் யாருக்குப் பழகும்?

ஆதாரம் பற்றியும் ஒரு வார்த்தை. நூலகத்துக்குப் போகிறவர்கள் மனநலத்தோடு இருக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். மனம் ஓரளவு சரியாக இருப்பவர்கள்தான் கிளம்பிப் போகிறார்கள் என்றும் அதற்கு அர்த்தம் இருக்கலாம். சமூக உறவு நலத்தோடு தொடர்புடையது என்பது உறுதி, தெரிந்த முகங்கள் அன்றைய மனநிலையை உயர்த்துகின்றன என்பதற்கும் ஆதாரம் உண்டு, வழிகாட்டுதலோடு கூடிய சுய உதவியும் அப்படியே. இவற்றைச் சேர்த்து நூலகம் உதவும் என்று சொல்வது நியாயமான முடிவு. நூலகம் மனச்சோர்வைக் குணப்படுத்தும் என்று சொல்வது அதிகப்படி.

உங்கள் அப்பா விஷயம். "நூலகத்துக்குப் போங்கள், நாலு பேரோடு பழகலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். தனக்கு ஏதோ குறை இருப்பதாகச் சொல்கிறீர்கள் என்றுதான் அது அவர் காதில் விழும். ஒரு வேலையாக அனுப்புங்கள். உங்களுக்கு ஒரு புத்தகம் எடுத்துவரச் சொல்லலாம், அதைத் திருப்பிக் கொடுக்கவும் சொல்லலாம். இரண்டு நடை ஆயிற்று. முதல் முறை கூடவே போய் உறுப்பினர் அட்டை வாங்கிக் கொடுங்கள், நாளிதழ்ப் பகுதியும் கழிப்பறையும் எங்கே என்று காட்டுங்கள். புது இடத்தில் இதைக் கேட்கக் கூச்சப்பட்டே திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. முடிந்தால் தினமும் ஒரே நேரத்தில் போகட்டும், காலை நேரம் நல்லது, வழக்கமாக வருகிற பெரியவர்கள் அப்போதுதான் இருப்பார்கள். திரும்பி வந்ததும் "யாரோடு பேசினீர்கள்?" என்று கேட்காதீர்கள். அது மறுபடியும் தேர்வு வைப்பதுதான். என்ன படித்தீர்கள் என்று கேளுங்கள்.

சில மாதங்கள் கழித்து அவருக்கே அந்த இடம் பிடித்துப்போனால், நூலகரிடம் நீங்கள் தனியாக ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம், அப்பா வேலையில் எந்தத் துறையில் இருந்தார் என்று. நல்ல நூலகர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்வார்கள். கணக்குப் போட்டே வாழ்ந்தவரிடம் ஒரு மாணவனை அனுப்பி "இவருக்கு இதில் ஒரு சந்தேகமாம்" என்பார்கள். உதவி பெறும் இடமாக மட்டும் இருந்த வரையில் வேண்டாவெறுப்பாக வந்த பலர், உதவி கேட்கப்பட்ட அன்றிலிருந்து தவறாமல் வர ஆரம்பித்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அவர் வெளியே போகாததற்குக் காரணம் வெறும் தனிமைதானா? தூக்கம் கெட்டிருக்கிறதா, சாப்பாடு குறைந்திருக்கிறதா, முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறாரா, சாவைப் பற்றிப் பேசுகிறாரா என்று பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் முதலில் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சாவைப் பற்றிய பேச்சு இருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்காமல் அன்றே போங்கள். காது மந்தமாகியிருந்தாலும் மனிதர்கள் ஒதுங்கிவிடுவார்கள், அதையும் சோதித்துவிடுங்கள். சிகிச்சை தொடங்கியது என்பதற்காக நூலகத்தை நிறுத்த வேண்டியதில்லை, இரண்டும் ஒன்றாகவே நடக்கலாம். கண் பார்வை மங்கலாக இருந்தால் பெரிய எழுத்துப் புத்தகங்களும் ஒலிநூல்களும் இருக்கின்றனவா என்று கவுன்டரில் கேட்டுப் பாருங்கள்.